ஓரப்பட்டி

வலது ஓரத்தை அமுக்கினால் இடது ஓரம் எழும்பியது. இடது ஓரத்தின் மேல் தலையணையை வைத்துவிட்டு வலப்பக்கம் வந்தால், கால்மாட்டில் புதிதாக ஒரு மேடு முளைத்திருந்தது. கிரேசி கட்டிலை நான்காவது தடவையாகச் சுற்றி வந்தாள்.

முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் படுக்கை விரித்த கை அது. நோயாளியின் முதுகில் புண் வராமலிருக்க வேண்டுமானால் விரிப்பில் ஒரு மடிப்புகூட இருக்கக் கூடாது. மூலையைப் பிடித்து ஓர் இழுப்பு, உள்ளங்கையால் ஒரு தடவல், அவ்வளவுதான். எந்த விரிப்பும் அவள் சொன்னதைக் கேட்டுப் படுத்துவிடும். இந்தப் போர்வை மட்டும் கேட்கவில்லை. நடுவில் பாய் மாதிரி ஒழுங்காகக் கிடந்தது. ஓரத்துக்கு வந்ததும் எண்ணெயில் போட்ட அப்பளம்போல நெளிந்தது.

முன்னறையில் குளிர்பெட்டிக்குள் அவள் கணவர் பாஸ்கல் வெள்ளை வேட்டி சட்டையோடு படுத்திருந்தார். நேற்றுக் காலையில் போய்ச் சேர்ந்தவர். அடக்கம் இன்று மாலை நாலு மணிக்கு. மகள் ஸ்டெபி மஸ்கட்டிலிருந்து புறப்பட்டுவிட்டாள். சென்னையில் விமானம் மாறி, மத்தியானம் இரண்டரைக்குத் திரேஸ்புரம் வீட்டு வாசலில் வந்து இறங்குவாள். இப்போது மணி ஏழரை.

"ஏளா கிரேசி, உள்ள என்ன பண்ணுத?"

வாசற்படியில் அமலோற்பவம் நின்றாள். பாஸ்கலுக்கு அக்கா, கிரேசிக்கு மைனி. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. ஆனால் கண் ஒன்றையும் விடாது.

"அங்கன சனம் வந்து உன்னத் தேடுது. நீ என்னன்னா பெட்டு விரிச்சிட்டிருக்க."

"விரிக்கல மைனி. இது ஏன் படுக்க மாட்டேங்குதுன்னு பாக்கேன்."

"அவனே படுத்துட்டான். இது படுத்தா என்ன, எந்திரிச்சு நின்னா என்ன?"

சொல்லி முடித்ததும் அமலோற்பவத்துக்கே திக்கென்றது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முந்தானைக்குப் பின்னால் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துக் கிரேசி பக்கத்தில் போனாள். அழுகை பாதி, சிரிப்பு பாதி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, முன்னறைக்குக் கேட்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

பாஸ்கல் தோணியை நடத்திப் போகும் தண்டலாக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போகும் தோணியில் அவர் சொன்னதுதான் சட்டம். வாலிபத்தில் பாய் விரித்து ஓடிய தோணிகளில் போனவர் என்பதால், கிழிந்த பாயை நடுக்கடலில் உட்கார்ந்து தைக்கவும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனிமேல் கடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தார். அரிசி டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். கிரேசியின் மிக்ஸியைக் கழற்றிப் பூட்டினார். பிறகு அமலோற்பவம் வீட்டு மூலையில் கிடந்த கால்மெஷினைக் கொண்டுவந்து, எண்ணெய் போட்டு ஓடவிட்டு, போர்வை தைக்கத் தொடங்கிவிட்டார்.

துண்டுத்துணிப் போர்வை. அது இப்படித்தான்: தையல்கடையில் மீந்த துணிகளை ஏழரை அங்குலச் சதுரங்களாக வெட்ட வேண்டும். சதுரத்தோடு சதுரம் சேர்த்துத் தைத்தால் இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய், ஏழு அங்குலம் வெளியே நிற்கும். அப்படிப் பத்துச் சதுரம் ஒரு வரிசை. பன்னிரண்டு வரிசை சேர்ந்தால் மேல்பரப்பு. அதன் நான்கு பக்கமும் ஒரே நிறத்தில் அகலமாக ஓரப்பட்டி. அதற்குப் பிறகு பழைய வேட்டி ஒன்றை நடுவிலும், நல்ல துணி ஒன்றை அடியிலும் வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் தைத்துவிட்டால் போர்வை ஆயிற்று.

இரண்டு வருஷத்தில் ஏழு போர்வை. ஏழும் ஓரத்தில் நெளிந்தன. முதல் போர்வை ஸ்டெபிக்குப் போனது. மஸ்கட்டில் அவள் அதைக் கட்டிலில் விரித்து, மின்விசிறியை ஓடவிட்டு வீடியோ பிடித்து அனுப்பினாள். "டாடி, கட்டில்ல அலை அடிக்கி. சுறா வந்தா நான் பொறுப்பில்ல." பாஸ்கல் அதைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்து, தெருவில் போகிறவர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு மகளுக்குச் சொல்லி அனுப்பினார்: "சிரி, சிரி. நீ லீவுக்கு வாரதுக்குள்ள ஒன்னு தச்சு வைக்கேன். செத்த மீன் மாதிரி அசையாமப் படுத்துக் கெடக்கும், பாரு."

கட்டிலில் நெளிந்துகொண்டிருந்தது, அடித்துணி இன்னும் சேர்க்காத அந்த எட்டாவது போர்வை.

போன வாரம் முழுக்க வீட்டில் இந்தப் போர்வைதான். வியாழக்கிழமை தையல்கடை இப்ராஹீம் ஒரு சாக்கு நிறையத் துண்டுகளைக் கொண்டுவந்து போட்டார். பாஸ்கல் அதைத் தரையில் கொட்டி, நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டையும் எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். "இது சுருங்கும்." ஒரு பக்கம் எறிவார். "இது நல்ல பிள்ள." இன்னொரு பக்கம் வைப்பார். யாருடைய சட்டை, யாருடைய ஜாக்கெட் என்று இப்ராஹீமிடம் விசாரித்து, அந்தந்த ஆளின் கதைகளையும் கேட்டுக்கொள்வார். துணியைத் தரம் பிரிக்க ஒரு மணி நேரம் ஆனால், ஊர்க்கதைக்கு மூன்று மணி நேரம்.

கத்தரிக்கோல் நல்ல துணியில் ஓடும்போது ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே வெள்ளிக்கிழமை வானொலியை அணைத்துவிட்டு வெட்டினார். கல்யாணப் பத்திரிகை அட்டையில் சதுரம் செய்து வைத்திருந்தார். அதைத் துணி மேல் வைத்து, கருப்பட்டிக் காப்பியை இடது கைக்கு எட்டாத தூரத்தில் வைத்து, வெட்ட வேண்டும். நாலு மணிக்குக் கடற்காற்று ஜன்னல் வழியே உள்ளே வந்து வெட்டிய சதுரங்களைப் பறக்கவிடும். அவரும் தவழ்ந்து தவழ்ந்து பிடிப்பார். ஜன்னலைச் சாத்தலாமே என்று கிரேசி கேட்டதற்கு, "அப்ப காத்து எங்கன போவும், பாவம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆட்டுக்கறி சாப்பாடும் முடிந்து, நூற்றிருபது சதுரங்களையும் இதே கட்டிலில் பரப்பி வைத்தார்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று இரண்டு பேருக்கும் சண்டை. ஒரு கத்தரிப்பூ நிறத் துண்டை அவர் நடுவில் வைப்பார். அவள் கால்மாட்டுக்கு மாற்றுவாள். மூன்று தடவை இப்படி நடந்தது. அவர் கண்ணசந்த நேரத்தில் அவள் அதைத் தலைமாட்டு ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். எழுந்ததும் பார்த்தார். அங்கேயே வைத்துத் தைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு வரிசையும் சேர்ந்தன. மேல்பரப்பு கண்ணாடி மாதிரி சமமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிவரச் சொல்லி, டாக்டர் சொன்ன ஒன்றுக்குப் பதில் ஒன்றரை சாப்பிட்டார். மீதி அரையை அவள் பிடுங்கித் தின்றாள். செவ்வாய்க்கிழமை நான்கு பக்கமும் நீல ஓரப்பட்டியைத் தைத்தார். தைத்து முடித்துக் கட்டிலில் விரித்தார். அலை அடித்தது.

"ஏளா கிரேசி, ஒரு நிமிசம் வாயேன். நீ பெட்டு விரிச்ச கை. இதுல எங்கன கோளாறுன்னு பாத்துச் சொல்லு."

கிரேசி அப்போது சீலா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "கை பூரா செதிலு. நாளைக்குப் பாக்கேன், போங்க."

புதன்கிழமை காலை எட்டேகால். பாஸ்கல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். நூல் முனையை உதட்டில் ஈரம் செய்து, கண்ணாடி போடாமலே ஊசிக் காதில் விட்டார். முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது. "பாத்தியா, ஒரே குத்துல" என்று திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே மெஷின் பலகையில் தலையைச் சாய்த்தார். விளையாடுகிறார் என்று ஒரு நொடி நினைத்தாள். அடுத்த நொடியில் நர்ஸாகிவிட்டாள். தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. ஆனால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது.

நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொன்னவள் ஒரு நாள் தாமதமாக இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகள் வருவதற்குள் இதைப் படுக்க வைக்க வேண்டும். அதற்குமேல் அவளுக்கு இன்றைக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

எட்டரைக்கு இப்ராஹீம் வந்தார். காயல்பட்டினத்துக்காரர். மீசை இல்லாத தாடி, தோளில் எப்போதும் தொங்கும் அளவு டேப். பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்தவருக்கு, கட்டிலைப் பார்த்ததும் உயிர் வந்தது.

"அண்ணாச்சி முடிச்சிட்டாங்களாக்கா?"

"பட்டி வரைக்கும் முடிச்சாங்க. படுக்க மாட்டேங்குது."

"இஸ்திரி போடுங்க. அமுங்கிரும்."

போட்டார்கள். இப்ராஹீமே தண்ணீர் தெளித்து, இஸ்திரிப்பெட்டியை ஓரத்தோடு அழுத்தித் தள்ளினார். தள்ளத் தள்ள ஓரம் இன்னும் நீண்டது. அப்பளம் முறுக்கானது. சூடும் ஈரமும் சேர்ந்தால் துணி இளகும்; இளகின துணியைத் தள்ளினால் நீளாமல் என்ன செய்யும்.

"சோலி முடிஞ்சுது" என்றார் இப்ராஹீம். "நான் சட்டைக்காரன்க்கா. சட்டைக்குள்ள மனுசன் இருப்பான். ஒரு விரக்கடை கூடக் கொறைய இருந்தாலும் அவன் ஒடம்பு வாங்கிக்கிடும். இதுக்குள்ள யாரு இருக்கா? உள்ளது உள்ளபடி தெரிஞ்சு போவுது."

"தாயளி" என்றாள் அமலோற்பவம் போர்வையைப் பார்த்து. அவள் எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. "சாவு வீட்ல இதாளா வேலை? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும் மைனி."

"பேசட்டும்தான். ஆனா அந்தக் கால்மாட்டு மூலைய வெட்டிப் பாத்தியா? அங்கனதான் அதிகமா தூக்குது."

வெளியே தெருவில் தார்ப்பாய் கட்டும் சத்தம் கேட்டது. வெயில் ஏறுவதற்குள் பந்தல் போட வேண்டும். கிரேசி ஜன்னலருகே வந்தாள். வெள்ளத்துரை கயிற்றுச் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு கம்பத்துக்குக் கம்பம் போய்க்கொண்டிருந்தான். பாஸ்கலோடு இருபது வருஷம் தோணியில் போனவன். கயிற்று முனையைத் தார்ப்பாய்க் கண்ணில் கோத்து, கம்பத்தில் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்து, முடிச்சைப் போட்டு, கடைசியில் மீந்த வாலை மட்டும் கத்தியால் அறுத்தான். மறுபடியும் மொத்தச் சுருளையும் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போனான்.

"வெள்ளத்துரை, அளந்து அளந்து மொதவே வெட்டி வச்சுக்கிட்டா என்ன? இவ்வளவு சுமைய ஏன் தூக்கிட்டு அலையுத?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் இப்ராஹீம்.

வெள்ளத்துரை நின்றான். "மொத வெட்டவா? நல்லாக் கேட்டீங்க. தண்டல் எந்திரிச்சு வந்து என் வெரல வெட்டுவாரு." கிரேசியும் நிற்பதைப் பார்த்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். அவளை அவன் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். "சிஸ்டர், ஒருக்க மாலத்தீவுல நான் கயித்த மொதவே வெட்டிட்டேன். கட்டுனா ஒரு முழம் பத்தல. இவரு பிடிச்சாரு பாருங்க. கட்டி முடிச்சிட்டுத்தாம்லே வெட்டணும், கட்டாம வெட்டுனவனுக்கு இந்தத் தோணியில சோறு கெடையாதுன்னுட்டாரு. சொன்ன மாதிரியே அன்னைக்கு எனக்குச் சோறு போடல." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அவரும் திங்கல. ரெண்டு பேரும் வயித்த அமுக்கிக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் பாத்து உக்காந்திருந்தோம்."

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிரேசியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு அவன் கையிலிருந்த சுருளைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பாஸ்கலின் மடியில் நீலப் பட்டி இப்படித்தான் சுருளாகக் கிடந்தது. பட்டியின் முனையைப் போர்வையின் மூலையில் பிடித்து, மெஷினை ஓட்டி, அடுத்த மூலைவரை தைத்துக்கொண்டே போய், மீந்த வாலைக் கத்தரித்தார். பிறகு அடுத்த பக்கம். முதலில் அளக்கவுமில்லை, வெட்டவுமில்லை. தண்டல் எப்படி வெட்டுவார்?

கயிற்றுக்கு அது சரி. கயிற்றை ஓர் ஆள் சாய்ந்து இழுக்கிறான். இழுத்தபின் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் உள்ளே போகும். துணியை யார் இழுக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. அது தன் இஷ்டத்துக்குப் போகும்.

"இப்ராஹீம், அந்த டேப்பக் குடுங்க."

முதலில் நெடுக்காக, போர்வையின் நட்டநடுவில் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை அளந்தாள். பட்டிகளைத் தவிர்த்துச் சதுரங்களை மட்டும். எண்பத்து நாலு அங்குலம். பன்னிரண்டு ஏழு எண்பத்து நாலு, சரியான கணக்கு. பிறகு இடது ஓரத்தில் பட்டி தைத்திருந்த தையலோடு, மேடு பள்ளம் எல்லாம் ஏறி இறங்கி அளந்தாள். எண்பத்து ஏழு. வலது ஓரம் எண்பத்தாறரை.

"மூணு அங்குலம்" என்றாள். "எண்பத்து நாலு அங்குலப் போர்வைக்கு எண்பத்தேழு அங்குலப் பட்டி. அந்த மூணு எங்க போவும்? மேலதான் எந்திரிக்கும்."

இப்ராஹீம் எழுந்து நின்றுவிட்டார். "எப்டிப் போச்சுன்னு நான் சொல்லுதேன்க்கா. மெஷினுக்கு அடியில பல்லு இருக்குல்லா, அது கீழ இருக்க துணியத்தான் பிடிச்சு இழுக்கும். மேல இருக்க துணி அமுக்குற காலுக்கடியில மாட்டித் தயங்கித் தயங்கித்தான் வரும். அண்ணாச்சி பட்டிய எங்கன வச்சாங்க?"

"கீழ. பட்டிய மடியில போட்டுக்கிட்டு, அது மேல போர்வைய வச்சு."

"அப்ப பல்லு பட்டியத் தின்னுக்கிட்டே போயிருக்கும். அளவு வெட்டாத பட்டி. கேட்கக் கேட்கக் கொடுத்துக்கிட்டே இருக்கும்."

"எட்டுப் போர்வைக்கும் கொடுத்திருக்கான்" என்றாள் அமலோற்பவம். "கை தாராளம்தான் எந்தம்பிக்கு." பிறகு நெருங்கி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து மூலையை மடியில் எடுத்துக்கொண்டாள். "பிரிக்கணும்னா சொல்லு. கண்ணு தெரியலன்னாலும் பிரிக்கத் தெரியும்."

பிரித்தார்கள். மூன்று தையலுக்கு ஒன்றைப் பிளேடால் அறுத்து, மறுபக்க நூலை இழுத்தால் ஒரு சாண் நீளம் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வரும். அதில் ஒரு சுகம் இருந்தது. அமலோற்பவம் உருவிய நூலையெல்லாம் விரலில் சுற்றிக்கொண்டாள். துக்கம் கேட்க உள்ளே வந்த பெண்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, பாஸ்கல் தங்களுக்குத் தந்த போர்வை எந்த மூலையில் தூக்கும் என்று பேசத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் நாய்க்குட்டி அந்த மேட்டுக்கு அடியில்தான் படுக்கும் என்றாள் ஒருத்தி. முன்னறையில் அழுகைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் நிறுத்துவார்கள். ஓய்ந்ததும் தொடருவார்கள்.

பட்டி கழன்றதும் சதுரங்களின் ஓரம் பாவமாக இழுபட்டுக் கிடந்தது. இப்ராஹீம் அதில் தண்ணீர் தெளித்தார். இந்தத் தடவை யாரும் இஸ்திரிப்பெட்டியைத் தள்ளவில்லை. உள்ளங்கையால் தட்டித் தட்டி ஓரத்தைத் தன்னிடத்துக்கு வரவிட்டு, பெட்டியை மேலே வைத்து வைத்து எடுத்தார்கள். இரண்டு அங்குலம் அதுவாகவே உள்ளே வாங்கியது.

நீலப் பட்டிகளில் இரண்டை எண்பத்து நாலரை அங்குலத்துக்கு வெட்டினாள் கிரேசி. அரை அங்குலம் இரு முனைத் தையலுக்கு. பட்டியை இரண்டாக மடித்து நடுவைக் கண்டு சாக்கட்டியால் கோடு போட்டாள். அதை மறுபடி மடித்துக் காலிலும் முக்காலிலும் கோடு. போர்வையின் ஓரத்திலும் அப்படியே. முனைக்கு முனை, நடுவுக்கு நடு, காலுக்குக் கால் என்று குண்டூசி குத்தினாள். குண்டூசிகளுக்கு இடையே சதுரங்களின் பக்கம் இன்னும் கொஞ்சம் தொய்வு இருந்தது.

"அந்தத் தொய்வு கீழ போவட்டும்" என்றார் இப்ராஹீம். "போர்வை கீழ, பட்டி மேல. அப்ப அந்த மிச்சத்தப் பல்லே தின்னுரும்."

"மெஷினு ஓட்டப் போறீங்களா?" அமலோற்பவம் கையை நெஞ்சில் வைத்தாள். "பெட்டி வீட்ல இருக்கையிலயா?"

முன்னறையிலிருந்து குளிர்பெட்டியின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள் அமலோற்பவம்.

"பதினோரு மணிக்குச் செபமாலை" என்றாள். "அதுக்கு முன்ன முடிச்சிருங்க."

இப்ராஹீம் மெஷினுக்கு முன் போய் நின்றார், உட்காரவில்லை. கிரேசியைப் பார்த்தார். அவள் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போர்வையை ஊசிக்கு அடியில் வைத்தாள்.

காலால் மிதித்தால் சக்கரம் முன்னுக்குப் போகாமல் பின்னுக்குப் போனது. "அக்கா, நூலு அந்துரும், நூலு அந்துரும்" என்று இப்ராஹீம் பதறிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்தார். கடைசியில் அவள் காலைத் தரையில் வைத்துக்கொண்டு இரு கையாலும் துணியை நடத்த, அவர் பக்கத்தில் நின்று சக்கரத்தைக் கையால் சுற்றினார். இரண்டு நெட்டோரம் முடிந்ததும் அகலத்தை நடுவில் அளந்து, அதற்கும் பட்டி வெட்டி, அதையும் தைத்தார்கள். கோடு வளைந்து வளைந்துதான் போனது. நூல் அறவில்லை. பதினொன்றுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது கடைசி மூலை வந்தது.

செபமாலை முடிந்தது. கோயிலில் துக்கமணி அடித்தது. மத்தியானக் கூட்டம் வந்து போயிற்று. இரண்டே முக்காலுக்கு வாசலில் கார் நின்றது. ஸ்டெபி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்தாள். கிரேசி அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அழுது முடிக்கும்வரை ஒருவரும் அவளை இழுக்கவில்லை.

முகம் கழுவ உள்ளறைக்கு வந்தபோது ஸ்டெபி கட்டிலருகே நின்றுவிட்டாள். முகத்திலிருந்து சொட்டும் தண்ணீரைத் துடைக்கவும் இல்லை. குனிந்து, கன்னம் துணியில் படும் அளவுக்குக் குனிந்து, கட்டிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். ஓரத்தில் விரலை வைத்துத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நடந்தாள். நடந்து திரும்பி வந்தாள்.

"அம்மா, இது எந்திரிக்கவே இல்ல."

"ம்."

"டாடி கண்டுபிடிச்சிட்டாங்களா? எப்டிம்மா?"

கிரேசி போர்வையின் மூலையைப் பிடித்து, தேவையே இல்லாமல் ஒரு தடவை இழுத்துவிட்டாள்.

"பட்டிய ஓரத்துல வச்சு அளக்கக் கூடாது. போர்வையோட நட்டநடுவுல அளக்கணும். அந்த அளவுக்குப் பட்டிய மொதல்ல வெட்டிட்டு, அப்புறம் தைக்கணும்" என்றாள்.